வீட்டுப் பூனைக்குத் தோலடி நீர் செலுத்துதல்

பத்து வயதைக் கடந்த வீட்டுப் பூனை முன்னினும் மிகுதியாக நீர் அருந்துவதும், அடிக்கடி சிறுநீர் கழிப்பதும், உணவில் விருப்பம் குன்றி நாளுக்கு நாள் இளைத்துப் போவதும் பல வீடுகளில் காணப்படுகின்றன. இவற்றை முதுமையின் இயல்பு எனக் கருதி விட்டுவிடுவோர் பலர். ஆனால் இவை நாட்பட்ட சிறுநீரக நோயின் அறிகுறிகளாக இருத்தல் கூடும். இந்நோய் முற்றிய பூனைகளுள் சிலவற்றுக்குத் தோலின் அடியில் உப்புநீர் செலுத்துமாறு கால்நடை மருத்துவர்கள் விதிக்கின்றனர். வாரத்தில் பலமுறை, சில சமயம் மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் தொடர வேண்டிய இச்சிகிச்சையை ஒவ்வொரு முறையும் மருத்துவமனையில் செய்விப்பது எளிதன்று. ஆகவே மருத்துவரிடம் முறையாகக் கற்றுக்கொண்டு வீட்டாரே இதனைச் செய்யும் வழக்கம் ஏற்பட்டுள்ளது.

செய்முறை கடினமானதன்று. அந்த எளிமையிலேயே ஓர் அபாயமும் அடங்கியுள்ளது. "வெறும் நீர்தானே, சற்று மிகுந்தால் என்ன?" என்று எண்ணத் தோன்றும். புட்டியில் உள்ளது நீரைப் போலத் தோன்றினும், அது அளவிட்டுக் கொடுக்க வேண்டிய மருந்தேயாகும். எந்த நீர், எவ்வளவு, எந்தப் பூனைக்கு என்னும் மூன்றும் பொருந்தினால் நன்மை விளையும். ஒன்று தவறினாலும் உயிருக்கே கேடு வரலாம். இதனை வீட்டாருக்கு எடுத்துக் கூறும் வாய்ப்புக் கால்நடைத் துறையின் களப்பணியாளருக்கும், பள்ளி ஆசிரியருக்கும் அடிக்கடி நேர்கிறது.

பூனையின் சிறுநீரகம்

வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழும் காட்டுப் பூனையாகும். நீர்நிலைகள் அரிதான அந்நிலங்களில், அது வேட்டையாடும் எலியும் பறவையுமே அதற்கு வேண்டிய நீரின் பெரும்பகுதியை அளித்து வந்தன. கிடைத்த நீரை வீணாக்காமல் காப்பதற்கேற்ப அதன் சிறுநீரகம் அமைந்தது. கழிவுப் பொருள்களை மிகக் குறைந்த நீரில் கரைத்து, மிகச் செறிவான சிறுநீராக வெளியேற்றுவதில் பூனை மனிதனை விஞ்சியது. வீட்டுப் பூனைக்கும் இத்திறன் உண்டு. அதனுடன் தாகத்தை எளிதில் உணராத இயல்பும் உண்டு.

சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டுவன நெஃப்ரான்கள் எனப்படும் நுண்குழல்கள். மனிதனின் ஒரு சிறுநீரகத்தில் இவை ஏறத்தாழ 10 லட்சம் இருக்கும். பூனையின் ஒரு சிறுநீரகத்தில் சுமார் 2 லட்சமே உள்ளன. அழிந்த நெஃப்ரான் மீண்டும் தோன்றுவதில்லை. எஞ்சியவை அதன் பணியையும் ஏற்றுக்கொள்வதால், நோய் தொடங்கி நெடுங்காலம் வரை வெளியே எதுவும் தெரிவதில்லை. மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு நெஃப்ரான்கள் அழிந்த பின்னரே சிறுநீரைச் செறிவாக்கும் ஆற்றல் குன்றத் தொடங்குகிறது. நான்கில் மூன்று பங்கு அழியும்போது யூரியா, கிரியேட்டினின் முதலிய கழிவுகள் இரத்தத்தில் உயர்கின்றன.

இந்நிலையில் பூனையின் உடலிலிருந்து நீர் மிகுதியாக வெளியேறுகிறது. அதை ஈடுசெய்யப் பூனை கூடுதலாக நீர் அருந்துகிறது. ஆனால் இழப்பு முழுவதையும் அதனால் ஈடுசெய்ய முடிவதில்லை. குமட்டலும் வாந்தியும் சேர்ந்துவிட்டால் குடிப்பதும் குறைந்து, உடலில் நீர் வற்றுகிறது. நீர் வற்றினால் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குறையும். எஞ்சிய நெஃப்ரான்கள் மேலும் நலியும். கழிவுகள் மேலும் தேங்கிப் பசியைக் கெடுக்கும். பசி கெட்டால் நீரும் உணவும் மேலும் குறையும். இவ்வாறு ஒரு தீமை மற்றொன்றை வளர்க்கும் சுழற்சி உண்டாகிறது. தோலடி நீர் இச்சுழற்சியை ஓரிடத்தில் தடுக்கிறது. அழிந்த நெஃப்ரானை அது உயிர்ப்பிப்பதில்லை.

தோலின் அடியிலிருந்து இரத்தத்துக்கு

பூனையின் தோல், குறிப்பாகத் தோள்களுக்கு இடைப்பட்ட பகுதியில், தளர்ந்து எளிதில் தூக்கக்கூடியதாய் உள்ளது. தோலுக்கும் தசைக்கும் இடையே தளர்வான திசு அமைந்திருக்கிறது. அங்கே செலுத்தப்படும் நீர் முதலில் ஒரு புடைப்பாகத் தேங்கி நிற்கும். பின்னர் அங்குள்ள இரத்தத் தந்துகிகளும் நிணநீர்க் குழாய்களும் அதனைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்ளும். சாதாரணமாக ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும்.

செலுத்தும் நீரின் உப்புச் செறிவு, உடல் நீரின் செறிவை ஒத்திருத்தல் அவசியம். உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றைத் தூய நீரிலும், மற்றொன்றைக் கடும் உப்புநீரிலும் சில மணி நேரம் ஊற வைத்தால், முன்னது விறைப்பதையும் பின்னது துவள்வதையும் வகுப்பறையிலேயே காணலாம். செறிவு வேறுபட்டால் அணுக்களுக்குள் நீர் புகுவதும் அவற்றிலிருந்து நீர் வெளியேறுவதும் சவ்வூடு பரவலால் நிகழ்கின்றன. திசுக்களுக்கு ஊறு விளையாமல் நீர் உறிஞ்சப்பட வேண்டுமாயின் செறிவு ஒத்திருக்க வேண்டும் என்பதை இச்சோதனை விளக்கும். எனினும் வீட்டில் உப்பைக் கரைத்த நீரை ஒருபோதும் ஊசி வழியே செலுத்தலாகாது. மருந்தாகத் தயாரிக்கப்படும் நீரில் கிருமிகள் முற்றிலும் நீக்கப்பட்டுள்ளன. கொதிக்க வைத்த உப்புநீர் அதற்கு ஈடாகாது.

வழக்கமாகப் பயன்படுவது ரிங்கர் லாக்டேட் என்னும் நீர்மம். இப்பெயரில் ஒரு வரலாறு அடங்கியுள்ளது. 1832-இல் ஸ்காட்லாந்தில் காலரா பரவியபோது தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர், நீர் வற்றி இறக்கும் தறுவாயில் இருந்த நோயாளிகளின் சிரைகளில் உப்புநீரைச் செலுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லெனார்டு ராஜர்ஸ் காலரா நோயாளிகளுக்கு உப்புநீர்ச் சிகிச்சையைச் சீர்ப்படுத்தி அளித்தார். இதற்கிடையே, 1880-களில் லண்டனில் சிட்னி ரிங்கர், உடலினின்று பிரித்தெடுத்த தவளையின் இதயம் தொடர்ந்து துடிக்கச் சோடிய உப்பு மட்டும் போதாது, கால்சியமும் பொட்டாசியமும் சிறிதளவு வேண்டும் என்று கண்டார். 1930-களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் அந்நீருடன் லாக்டேட்டைச் சேர்த்தார். லாக்டேட் கல்லீரலில் மாறுதலடைந்து, இரத்தத்தில் மிகும் அமிலத்தன்மையைக் குறைக்க உதவுகிறது. சிறுநீரகம் நலிந்த உடலில் அமிலம் தேங்குவதால் இது பயனுள்ள சேர்க்கையாகும்.

புட்டிகளில் விற்கப்படும் எல்லா நீர்மங்களும் இதற்கு ஏற்றவையல்ல. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளூகோஸ் நீர், தோலின் அடியில் செலுத்தத் தகாதது. அதில் உப்பு இல்லாமையால், இரத்தத்திலுள்ள சோடியம் வெளியேறி அந்நீர்த் தேக்கத்தை நோக்கிச் செல்கிறது. வற்றிய உடல் மேலும் வற்றுகிறது. சர்க்கரை தேங்கிய இடத்தில் சீழ்க்கட்டி தோன்றும் வாய்ப்பும் மிகும். "சோர்ந்த உடலுக்குக் குளூகோஸ் நல்லது" என்னும் பொது நம்பிக்கையால் இத்தவறு எளிதில் நேரலாம். ஆகவே புட்டியின் பெயர்ச்சீட்டை ஒவ்வொரு முறையும் படித்துப் பார்த்தல் வேண்டும்.

யாருக்கு ஏற்றது, யாருக்குக் கூடாது

சிறுநீரக நோய் கண்ட எல்லாப் பூனைகளுக்கும் இச்சிகிச்சை வேண்டியதில்லை. இரத்தத்திலுள்ள கிரியேட்டினின் அளவைக் கொண்டு நோயை நான்கு நிலைகளாகப் பிரிப்பது உலகெங்கும் வழக்கில் உள்ளது. 100 மில்லி லிட்டர் இரத்த நீர்மத்தில் கிரியேட்டினின் 1.6 மில்லி கிராமுக்குக் குறைவாயின் முதல் நிலை, 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை, 2.9 முதல் 5 வரை மூன்றாம் நிலை. 5-க்கு மேல் நான்காம் நிலை. முதல் இரு நிலைகளில் உள்ள பூனை நன்றாக உண்டு குடித்து வருமாயின், ஈரமான உணவும் பல இடங்களில் வைத்த தூய நீரும் பெரும்பாலும் போதும். மூன்றாம், நான்காம் நிலைகளில், போதிய அளவு குடித்தும் நீர் வற்றும் பூனைக்கே தோலடி நீர் பெரிதும் பயன்படுகிறது.

கீழ்க்கண்ட நிலைகளில் வீட்டில் நீர் செலுத்தலாகாது. தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

முதலாவது, சிறுநீர் அடைப்பு. ஆண் பூனை அடிக்கடி முக்கியும் சிறுநீர் வெளிவராமல் வருந்துமாயின், அதன் சிறுநீர்ப்பாதை அடைபட்டிருக்கலாம். வெளியேற வழியில்லாத உடலில் மேலும் நீரைச் சேர்ப்பது தீங்கு. இந்நிலை ஓரிரு நாட்களில் உயிரைப் போக்கக்கூடியது.

இரண்டாவது, இதய நோய். பூனைகளில் இதயத் தசை தடித்துப் போகும் நோய் அரிதன்று. வெளிக்குறி ஏதுமின்றி அது மறைந்திருப்பதும் உண்டு. அத்தகைய இதயத்தால் கூடுதல் நீரைத் தாங்க இயலாது.

மூன்றாவது, கடும் அதிர்ச்சி நிலை. உடல் குளிர்ந்து, ஈறுகள் வெளுத்து, எழ இயலாமல் கிடக்கும் பூனையின் தோலுக்குச் செல்லும் இரத்த நாளங்கள் சுருங்கியிருக்கும். அப்போது தோலடி நீர் உறிஞ்சப்படாமல் அங்கேயே நிற்கும். அதற்குச் சிரை வழியே நீர் தேவை. அது மருத்துவமனையில் மட்டுமே செய்யத்தக்கது.

அளவு

பூனையின் எடையில் சுமார் 60 சதவீதம் நீர். அந்நீர் உடல் எடையில் 5 சதவீதத்துக்கும் குறைவாக வற்றினால் வெளியே தெரிவதரிது. அதற்கு மேற்படின், தூக்கிய தோல் மெல்லவே பழைய நிலைக்குத் திரும்பும். ஈறுகள் ஈரமற்றுப் பிசுபிசுக்கும். 10 சதவீதத்தை எட்டினால் கண்கள் குழிவிழுந்து உயிருக்கு ஆபத்து நேரிடும். முதிய, இளைத்த பூனையின் தோல் இயல்பாகவே நெகிழ்ச்சி குன்றியிருப்பதால், தோலை மட்டும் கொண்டு முடிவு செய்தலாகாது.

நாட்பட்ட நோயில் மருத்துவர்கள் வழக்கமாக விதிக்கும் அளவு, ஒரு முறைக்கு 100 முதல் 150 மில்லி லிட்டர் வரை. இது நாள்தோறுமோ, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறையோ கொடுக்கப்படும். சிறிய பூனைக்கு இதனினும் குறைவாக விதிப்பர். இவ்வளவு சிறியதாகத் தோன்றினும், கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு 100 மில்லி லிட்டர் என்பது, 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு ஒன்றரை லிட்டருக்குச் சமம்.

உப்பின் கணக்கும் இதனைப் போன்றதே. 0.9 சதவீத உப்புநீர் 100 மில்லி லிட்டரில் 0.9 கிராம் உப்பு உண்டு. இதே விகிதத்தில் 60 கிலோ மனிதருக்கு 13.5 கிராம் ஆகும். வளர்ந்த மனிதர் ஒரு நாளில் 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ரிங்கர் லாக்டேட்டில் சோடியம் இதனினும் சற்றுக் குறைவு, ஆயினும் கணிசமானதே. நலிந்த சிறுநீரகமும் உயர்ந்த இரத்த அழுத்தமும் உள்ள பூனைக்கு இவ்வுப்பு ஒரு சுமை. "நேற்று 100 கொடுத்தோம், களைப்பு நீங்கியது, இன்று 200 கொடுப்போம்" என்னும் முடிவு எவ்வளவு தவறானது என்பதை இக்கணக்கே உணர்த்தும்.

பொட்டாசியம் குறைந்த பூனை வலுவிழந்து, தலையை நிமிர்த்த மாட்டாமல் கழுத்தைத் தாழ்த்தி நிற்கும். அத்தகைய பூனைக்கு மருத்துவர் புட்டியிலேயே பொட்டாசியம் சேர்த்துக் கொடுப்பதுண்டு. வீட்டார் தாமாக இதைச் சேர்த்தல் கூடாது. பொட்டாசியம் மிகுந்தால் இதயம் நின்றுவிடும்.

வேண்டிய பொருள்கள்

மருத்துவர் குறித்த நீர்மம் அடங்கிய புட்டி, சொட்டுக் குழாய், உறையிட்ட புதிய ஊசிகள், தூய பஞ்சு, தடித்த துண்டு ஒன்று, எடை பார்க்கும் தராசு ஆகியவை வேண்டும். ஊசியின் எண் உயர உயர அதன் பருமன் குறையும். 18-ஆம் எண் ஊசியின் வெளிவிட்டம் சுமார் 1.2 மில்லி மீட்டர். 20-ஆம் எண் ஊசி 0.9, 22-ஆம் எண் ஊசி 0.7. மெல்லிய ஊசியால் வலி குறையும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் குழாயின் உள்விட்டம் பாதியானால், நீர் பாயும் வேகம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என்பது பௌதிக விதி. மெல்லிய ஊசியில் பூனை நெடுநேரம் அசையாதிருக்க வேண்டி வரும். பருத்த ஊசியில் சில நிமிடங்களில் வேலை முடியும். பொதுவாக 18 முதல் 20 வரையுள்ள எண்கள் ஏற்றவை.

புட்டியைப் பூனையின் உடலுக்குச் சுமார் 1 மீட்டர் உயரத்தில் தொங்கவிட வேண்டும். அவ்வுயரத்து நீரின் எடையே, ஏறத்தாழ 74 மில்லி மீட்டர் பாதரச அழுத்தத்துடன், நீரைத் தோலின் அடியில் தள்ளுகிறது.

செய்முறை

மருத்துவரோ அவரது உதவியாளரோ செய்து காட்ட, வீட்டார் அவர் முன்னிலையில் ஒருமுறையேனும் தாமே செய்து பழகிய பின்னரே வீட்டில் தொடங்க வேண்டும்.

கைகளைச் சோப்பினால் கழுவிக்கொள்ள வேண்டும். புட்டியிலுள்ள நீரை வெளிச்சத்தில் பார்த்தல் அவசியம். கலங்கலோ துகளோ தென்பட்டால் அப்புட்டியை நீக்கிவிட வேண்டும். குளிர்ந்த நீர் பூனைக்கு வருத்தம் தருமாதலால், புட்டியை வெதுவெதுப்பான நீர் நிரம்பிய பாத்திரத்தில் சிறிது நேரம் நிறுத்தி வைக்கலாம். சில சொட்டுகளை மணிக்கட்டில் விட்டுப் பார்த்தால் சூடாகவோ குளிர்ச்சியாகவோ தோன்றலாகாது. அடுப்பில் வைத்துச் சூடாக்குதல் கூடாது. பின்னர்ச் சொட்டுக் குழாயைப் பொருத்தி, அதிலுள்ள காற்று வெளியேறும்வரை சிறிது நீரை ஓடவிட்டுக் குழாயை அடைக்க வேண்டும்.

பூனையை அதற்குப் பழக்கமான இடத்தில், துண்டின் மேல், தன் முகத்துக்கு எதிர்ப்புறமாக அமர்த்துவது நலம். ஒருவர் பூனையை அமைதியாக அணைத்துக்கொள்ள, மற்றொருவர் ஊசியைக் கையாளலாம். தோள்களுக்கு இடையே தோலைக் கட்டைவிரலாலும் இரு விரல்களாலும் கூடாரம் போல் தூக்கிப் பிடித்து, ஊசியின் சாய்ந்த வாய் மேல்நோக்கியிருக்குமாறு, தூக்கிய தோலின் அடிப்பகுதியில் முதுகுக்கு ஏறத்தாழ இணையாகச் செலுத்த வேண்டும். தயங்கித் தயங்கிக் குத்துவதைவிட ஒரே சீராகச் செலுத்துவதே பூனைக்கு எளிது. ஊசி மறுபுறம் துளைத்து வெளிவந்துவிட்டால் உரோமம் நனையும். ஊசியின் அடியில் இரத்தம் தென்பட்டால் அது நாளத்தில் பட்டிருக்கிறது. இவ்விரு நிலையிலும் ஊசியை எடுத்துவிட்டு, புதிய ஊசியுடன் வேறிடத்தில் தொடங்க வேண்டும்.

குழாயின் அடைப்பைத் திறந்ததும் சொட்டு அறையில் நீர் வேகமாக விழும். நீர் நின்றுவிட்டால் ஊசியைச் சிறிது திருப்பினாலோ பின்னுக்கு இழுத்தாலோ மீண்டும் ஓடும். புட்டியின் அளவுக்கோடுகளைக் கவனித்து, விதித்த அளவு சென்றதும் அடைத்துவிட வேண்டும். புட்டியின் கோடுகள் திட்டமானவையல்ல. இந்நீர் 100 மில்லி லிட்டர் ஏறக்குறைய 100 கிராம் எடையுள்ளதாதலால், புட்டியை முன்னும் பின்னும் சமையலறைத் தராசில் நிறுத்தால் சென்ற அளவு சரியாகத் தெரியும்.

ஊசியை எடுத்தபின் அவ்விடத்தை விரல்களால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சில சொட்டு நீர், சிறிது செந்நிறம் கலந்து, கசிந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. புடைப்பு முன்னங்கால் பக்கமாகவோ மார்பின் கீழாகவோ இறங்குவதும் இயல்பே. பயன்படுத்திய ஊசியை மீண்டும் பயன்படுத்தலாகாது. மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் கலத்தில் ஊசிகளைச் சேர்த்து, கலம் நிரம்பியதும் கால்நடை மருத்துவமனையில் ஒப்படைக்க வேண்டும். குப்பையில் எறிந்த ஊசி துப்புரவுப் பணியாளரின் கையைத் துளைக்கும். திறந்த புட்டியை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும்.

பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரை அணுக வேண்டும். வெறிநோய் நம் நாட்டில் இன்னும் நீங்கவில்லை. பூனைக்கும் குறித்த காலத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருத்தல் வேண்டும்.

அபாயக் குறிகள்

அளவு மீறிய நீர் நுரையீரலிலும் மார்புக் கூட்டிலும் தேங்கும். இதனை முன்கூட்டியே அறிய எளிய வழி, பூனை உறங்கும்போது அதன் மூச்சை எண்ணுவதாகும். விலா ஒருமுறை உயர்ந்து தாழ்வது ஒரு மூச்சு. நலமான நிலையில் நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டாது. மறுபடி எண்ணிய போதும் 30-க்கு மேற்பட்டால், அடுத்த முறை நீர் செலுத்தாமல் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது அவசர நிலை.

முந்தைய நீர் உறிஞ்சப்படாமல் மறுநாளும் புடைப்பாகவே நின்றால் அதன் மேல் மறுபடி செலுத்தலாகாது. உடலில் போதிய நீர் சேர்ந்துவிட்டது, அல்லது இரத்த ஓட்டம் குன்றிவிட்டது என்பதற்கு அது அறிகுறி. ஊசி குத்திய இடம் சூடாகி வலித்தால் சீழ் கட்டத் தொடங்கியிருக்கலாம். ஓரிரு நாளில் பூனையின் எடை காரணமின்றி ஏறுவது சதை வளர்ச்சியன்று, தேங்கிய நீரேயாகும்.

சிகிச்சையின் எல்லை

தோலடி நீரால் பசி மீள்வதையும், மலச்சிக்கல் தணிவதையும், சோர்வு நீங்குவதையும் மருத்துவர்களும் வீட்டாரும் கண்டு வருகின்றனர். ஆயினும் ஆயுளை நீட்டிப்பதில் உணவு மாற்றத்துக்கே வலுவான சான்று உண்டு. 2000-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்பரசும் புரதமும் குறைந்த உணவை ஏற்ற பூனைகள் நோய் கண்டறியப்பட்ட பின் வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு 633 நாட்கள். அவ்வுணவைப் பெறாதவற்றுக்கு 264 நாட்கள். இரண்டாம் பிரிவில் இருந்தவை புதிய உணவை ஏற்காத பூனைகள் என்பதையும் மனத்திற்கொள்ள வேண்டும். இரு பிரிவும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவை அல்ல. எனினும் உணவைப் புறக்கணித்து நீரை மட்டும் நம்புதல் சரியன்று என்பதை இது காட்டுகிறது.

மற்றொன்றையும் கூறுதல் வேண்டும். சில பூனைகள் ஊசிக்கு விரைவில் பழகிவிடும். சில பூனைகளோ புட்டியைக் கண்டதும் கட்டிலின் அடியில் ஒளிந்து, அந்நாள் முழுவதும் உண்ண மறுக்கும். நாள்தோறும் அச்சத்தில் வாழும் பூனைக்கு இச்சிகிச்சையால் விளையும் நன்மையும் குறைந்துவிடும். அந்நிலையில் இடைவெளியைக் கூட்டுவதா, உணவில் நீர் கலந்து கொடுப்பதா, உணவுக்குழாய் பொருத்துவதா என மருத்துவருடன் ஆராயலாம். நோய் முற்றி எந்த வழியாலும் துன்பம் தணியாதபோது, சிகிச்சையை நிறுத்துவதும் பரிவின்பாற்பட்ட முடிவே. அதற்காக வீட்டாரைக் குறைகூறுதல் தகாது.

களப்பணியாளர் கவனத்துக்கு

இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் 1984-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்படி கால்நடை மருத்துவம் செய்யும் உரிமை பதிவு பெற்ற மருத்துவர்க்கே உரியது. மாநில அரசின் ஆணைக்கு உட்பட்டு, பட்டயமோ சான்றிதழோ பெற்ற பணியாளர்கள், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சேவைகளைச் செய்யலாம். ஆகவே நீர்மத்தையும் அளவையும் நாட்களையும் விதித்தல் களப்பணியாளரின் பணியன்று. விதித்ததை வீட்டார் சரியாகப் புரிந்துகொண்டனரா என்று பார்த்தலும், ஊசிக் கழிவைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்தலும், அபாயக் குறி கண்டவுடன் மருத்துவரிடம் அனுப்புதலும் அவர் ஆற்றக்கூடிய பெரும் பணிகள்.

ஒவ்வொரு வீட்டிலும் இதற்கென ஒரு குறிப்பேடு வைக்கச் சொல்லலாம். தேதி, பூனையின் எடை, செலுத்திய நீரின் அளவு, உறக்கத்தில் எண்ணிய மூச்சு, அன்று உண்டதா இல்லையா என்னும் ஐந்து செய்திகள் போதும். கோடு போட்டுக் கட்டம் வரைந்து இதை எழுதும் பொறுப்பை வீட்டிலுள்ள பள்ளிச் சிறுவர் சிறுமியர் மகிழ்ச்சியுடன் ஏற்பர். ஆசிரியர் அதனைக் கணக்குப் பாடத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். மருத்துவரிடம் செல்லும்போது அக்குறிப்பேட்டை உடன் கொண்டு சென்றால், அளவைக் கூட்டுவதா, குறைப்பதா, நிறுத்துவதா என்பதை அவர் ஊகத்தால் அன்றி எண்களைக் கொண்டு முடிவு செய்ய முடியும்.